வைரத்தின் மூன்றாவது வாசல்

சித்தூரில் இயங்கிய மாவட்டப் படிவ வழங்கல் அலுவலகத்தின் கடமை, பிற அலுவலகங்களுக்கு வேண்டிய படிவங்களை வழங்குவது. படிவம் வேண்டுவோர், படிவம் வேண்டும் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். அந்தப் படிவம் 1979ஆம் ஆண்டிலிருந்து இருப்பில் இல்லை. ஆகையால் அவ்வலுவலகத்தில் வேலை தேங்கிக் கிடப்பதாக எவரும் குறை கூறியதில்லை.

அங்கே இளநிலை உதவியாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி வந்தவள் கிருபாவதி. மிஷன் பள்ளியில் தமிழ் படித்தவள். உத்தியோகத்துக்காகத் தெலுங்கை எழுத்தெழுத்தாகக் கற்றவள். இரண்டிலும் ஒரு பிழையைக் கண்டால் திருத்தாமல் அடுத்த வரிக்குப் போக மாட்டாதவள். 1986ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினாறாம் தேதி காலை பத்தரை மணிக்கு, தன் சேவைக் காலத்திலேயே முதன்முறையாகத் தனக்கென்று ஒரு விண்ணப்பம் எழுதி, கண்காணிப்பாளர் ரங்கையாவின் மேசைமேல் வைத்தாள்.

"வீட்டுக்காரரு சைக்கிள்ல போய்க்கினு இருந்தாரு சார், பள்ளத்துல வுழுந்துட்டாரு. தொடை எலும்பு. புத்தூர்ல கட்டு போட்டிருக்கு. மூணு மாசம் ஆடாம அசையாம படுத்திருக்கணும், கூட ஒரு ஆள் இருந்தே ஆகணும்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. அங்க நம்ம கிளை ஆபீஸ்ல ஒரு சீட்டு காலியாத்தான் கீது. மூணு மாசத்துக்கு என்னை அங்க டெபுடேஷன் போட்டீங்கன்னா போதும்."

ரங்கையா விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். குற்றம் கண்டுபிடிக்க ஒன்றுமில்லாததால் வருத்தம் தெரிவித்தார்.

"அய்யோ பாவம். ஞானசிங் மாஸ்டரா? என் கொடுக்குக்கு, அதான் பையனுக்கு, அவர்தானேம்மா இஸ்கூல்ல டிரில் சொல்லிக் குடுத்தாரு. நல்ல மனுஷன்." காகிதத்தை மடித்து மேசை விரிப்புக்கு அடியில் செருகினார். "சூஸ்தாம்."

சூஸ்தாம் என்னும் தெலுங்குச் சொல்லுக்குப் பார்ப்போம் என்பது பொருள். தன்மைப் பன்மை; எதிர்காலம். பார்ப்பவர் யார், பார்க்கப்படுவது எது, பார்க்கப்போவது எப்போது என்னும் மூன்று வினாக்களையும் அது ஒருங்கே விழுங்கிவிடும். ரங்கையா தமது முப்பத்தோராண்டுச் சேவையில் 'சரி' என்று சொல்லி ஒருமுறையும் மாட்டிக்கொண்டதில்லை. 'முடியாது' என்று சொல்லி எவரையும் பகைத்துக்கொண்டதும் இல்லை. அவர் எந்தத் தண்டனையும் பெறாமல் மூன்று பதவி உயர்வுகளைப் பெற்றது இந்த ஒற்றைச் சொல்லால்தான்.

அன்று பதினொரு மணித் தபாலில் திருப்பதி மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. முடிவுகள் இனித் தர்க்க முறையில் எடுக்கப்படும். இதற்கெனக் கணிப்பொறி வழங்கப்படும். ஊழியர்கள் தர்க்கம் பயிலும்வரை விண்ணப்பங்கள் நிறுத்திவைக்கப்படும். மூன்றும் செயப்பாட்டுவினை. யாரால் எடுக்கப்படும், யாரால் வழங்கப்படும், யாரால் நிறுத்தப்படும் என்பதற்கு மூன்றிலும் விடை இல்லை என்பதைக் கிருபாவதி கவனித்தாள்.

"அப்ப லீவாவது குடுங்க சார்" என்று கேட்டாள்.

"லீவும் அப்ளிகேஷன்தானேம்மா" என்றார் ரங்கையா, மிகுந்த கனிவோடு.

அனுமதியின்றி வேலைக்கு வராமல் நின்றால் பத்தொன்பது ஆண்டுச் சேவை அறுந்துபோகும். ஞானசிங் புத்தூரில் ஓர் ஒற்றை அறையில் படுத்திருந்தார். அறைக்கு உரியவரான செல்லியம்மா இரண்டு வேளை சோறு கொண்டுவந்து வைப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள். மற்ற பொழுதுக்கு ஆள் இல்லை. கணவன், மனைவி இருவரைத் தவிர அந்தக் குடும்பத்தில் வேறு எவரும் இல்லை. ஆகவே, கூடிய விரைவில் தர்க்கம் பயில்வது என்று கிருபாவதி தீர்மானித்தாள்.

பயிற்சிக்கென அலுவலகத்தின் பெரிய கூடம் காலி செய்யப்பட்டது. கணிப்பொறி தூசி தாங்காது என்பதால் கதவுகளுக்கு ரப்பர் ஒட்டினார்கள். வெப்பம் தாங்காது என்பதால் குளிர்சாதனம் பொருத்தினார்கள். செருப்பைத் தாங்காது என்பதால் வாசலில் மஞ்சள் கோடு ஒன்றை வரைந்து, கோட்டுக்கு அப்பால் வெறுங்காலுடன்தான் நுழைய வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். உள்ளே கணிப்பொறி இல்லை. அது எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. இருபத்திரண்டு ஊழியர்களும் நாள்தோறும் செருப்பைக் கழற்றிவிட்டு, வெற்றிடத்தை வணங்காத குறையாக உள்ளே சென்று, குளிரில் உட்கார்ந்தார்கள்.

பாடம் நடத்தத் திருப்பதியிலிருந்து கோவர்த்தனன் என்பவர் வந்தார். ஐதராபாத்தில் ஆறு வாரம் பயிற்சி பெற்றவர். கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து கணிப்பொறியை இரண்டு முறை நேரில் கண்டவர். நேர்மையான மனிதர். ஆகையால் அவரது முதல் நாள் பாடம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"கம்ப்யூட்டர்ன்றது சுத்த மூடன்ங்க. சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. நாமதான் ஒவ்வொரு படியா, ஒண்ணு விடாம சொல்லணும். அதைப் படமா போட்டா ஃப்ளோ சார்ட்" என்று கரும்பலகையில் நான்கு உருவங்களை வரைந்தார். தொடங்கவும் முடிக்கவும் நீள்வட்டம். வாங்கவும் கொடுக்கவும் சாய்ந்த பெட்டி. வேலை செய்ய நேரான பெட்டி. கேள்வி கேட்க வைரம். "வைரத்துக்கு ரெண்டே வாசல். ஆம்னா இந்தப் பக்கம், இல்லைன்னா அந்தப் பக்கம். நடுவுல நிக்க முடியாது."

"சொன்னதை மட்டும் செய்யும், கேள்வி கேக்காது" என்று ரங்கையா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "நல்ல ஸ்டாஃப்."

இந்த உருவங்களை ஒரே அளவில் வரைவதற்குப் பச்சை நிறப் பிளாஸ்டிக் தகடு ஒன்று வந்திருந்தது. அளவாகத் துளைகள் வெட்டிய தகடு அது. இருபத்திரண்டு பேருக்கு ஒன்று. அது அரசு உடைமை ஆகையால் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டது. வட்டம் போட விரும்புவோர் ஒரு குறிப்பு எழுதி, கண்காணிப்பாளரின் ஒப்பம் பெற்று, தகட்டை வாங்கி, வட்டம் போட்டு, திருப்பித் தர வேண்டும். பெட்டி போட மற்றொரு குறிப்பு. ஒரு வட்டமும் ஒரு பெட்டியும் போட்டு முடித்தபோது அந்த வாரம் கழிந்திருந்தது.

முதல் பயிற்சி, தேநீர் போடுதல். பால் இருக்கிறதா என்று கோவர்த்தனன் ஒரு வைரம் வரைந்தார். இல்லை என்றால் வாங்கி வா என்றார். ரங்கையா குறுக்கிட்டார். வாங்கி வர யாருக்கு அதிகாரம்? மூன்று விலைப்புள்ளிகள் பெறப்பட்டனவா? பாலுக்கும் தண்ணீருக்குமான விகிதம் எந்த அரசாணையில் உள்ளது? தேநீர்ப் படம் பதினான்கு தாள்களாக விரிந்தது. ஐந்தாம் நாள், அந்தப் படம் மண்டல அலுவலகத்தின் ஒப்புதலுக்குப் போயிருப்பதால் அது திரும்பும்வரை தேநீர் தர இயலாது என்று அட்டெண்டர் அறிவித்தார். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் தேநீர் கிடையாது.

"படம் போடறதுக்கு மின்னாடி பதினோரு மணிக்கு டீ வந்துகினு இருந்துச்சி, யக்கா" என்றாள் தட்டச்சர் அம்சவேணி. நகரிப் பக்கத்துப் பெண்; எதையும் மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டாள். "இவுங்க இன்னும் சோறு துன்றதுக்குப் படம் போடல. அந்த மட்டும் சாமி காப்பாத்திச்சி."

இரண்டாம் மாதம் சூடோகோட் என்னும் பாடம் தொடங்கியது. படத்தில் போட்டதையே, கணிப்பொறியின் மொழியில் எழுதும் முன், சாதாரணப் பேச்சில் வரிவரியாக எழுதிப் பார்ப்பது. இது இருந்தால் அதைச் செய், இல்லாவிட்டால் இதைச் செய் என்று எழுதினால் போதும். கிருபாவதிக்கு இது பிடித்திருந்தது. ஒவ்வொரு வரியும் ஏவல் வினையில் முடிந்தது. ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு விளைவு இருந்தது. அரசாங்கத் தாளில் இத்தனை ஒழுங்கான வாக்கியங்களை அவள் அதுவரை கண்டதில்லை.

ஆனால் ரங்கையா அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டார். சூடோ என்றால் பொய். அரசு ஊழியர் அலுவல் நேரத்தில், அரசுத் தாளில், பொய் எழுதலாகாது. எழுதினால் ஒழுங்கு நடவடிக்கை. கோவர்த்தனன் அது அந்தப் பொய் அல்ல என்று ஒரு மணி நேரம் விளக்கினார். இறுதியில் ஒவ்வோர் ஊழியரும் ஓர் உறுதிமொழியில் ஒப்பமிட வேண்டும் என்று முடிவாயிற்று. 'கீழே என்னால் எழுதப்படும் பொய் யாவும், எனக்குத் தெரிந்தவரை, உண்மையானவை என உறுதி கூறுகிறேன்.' பொய் ஒருமை, உண்மையானவை பன்மை என்று கிருபாவதி சுட்டிக்காட்டினாள். திருத்தம் செய்ய நான்கு நாட்கள் ஆயின.

ஆகஸ்ட் மாத நடுவில் கோவர்த்தனன் ஒரு நல்ல காரியம் செய்ய நினைத்தார். கிருபாவதியின் நிலை அவருக்குத் தெரிந்திருந்தது. "உண்மையான ஒரு அப்ளிகேஷனை எடுத்துப் போட்டுப் பார்ப்போம்" என்று கூறி, மேசை விரிப்புக்கு அடியிலிருந்து அவளுடைய தாளைக் கேட்டு வாங்கி, கரும்பலகையில் வரைந்தார். தொடக்கம். விண்ணப்பம் பெறுக. பதிவேட்டில் பதிக. அதன் கீழே ஒரு வைரம்: புத்தூரில் இடம் காலியாக உள்ளதா? அதன் கீழே மற்றொரு வைரம்: அனுமதிக்கலாமா? ஆம் என்றால் ஆணை வழங்குக. இல்லை என்றால் மறுப்பு அனுப்புக. முடிவு.

முப்பது வினாடியில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்பதைப் போல இருபத்திரண்டு பேரும் பலகையைப் பார்த்தார்கள். கிருபாவதி முடிவு என்னும் அந்தச் சிறிய நீள்வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்தான் சொல்லணும்" என்று கோவர்த்தனன் சுண்ணக்கட்டியை ரங்கையாவிடம் நீட்டினார். "ஆமா, இல்லையா?"

ரங்கையா எழுந்து வந்தார். கரும்பலகையைத் தமது மூக்குக்கண்ணாடியின் மேலாகவும் கீழாகவும் பார்த்தார்.

"இதுல ஒரு பெரிய தப்பு கீது, கோவர்த்தனன் காரு. ஆமான்னா ஒருத்தன் கையெழுத்து போடணும். நாளைக்கு ஆடிட் வந்தா அவன் கழுத்து போச்சி. இல்லைன்னாலும் ஒருத்தன் போடணும். கோர்ட்டுக்குப் போனா அவன் கழுத்து போச்சி. ரெண்டு வாசலும் ஆபீசர் கழுத்துக்குத்தான். அமெரிக்காக்காரன் இதை யோசிக்கல. நம்ம நாட்டுல நிர்வாகம்னு ஒண்ணு கீது." வைரத்தின் அடிமுனையிலிருந்து ஒரு கோட்டை இழுத்து, பலகையின் விளிம்போரமாக மேலே கொண்டுபோய், தொடக்கம் என்னும் நீள்வட்டத்தில் சேர்த்து, அதன்மேல் தெலுங்கில் எழுதினார்: சூஸ்தாம்.

"சார், இது லூப் ஆயிடும்" என்றார் கோவர்த்தனன். "முடிவே வராது. சுத்திக்கினே இருக்கும்."

"சுத்தட்டுமே. யாருக்கு நஷ்டம்?"

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒருத்தி மூன்றாம் வரிசையில், வெறுங்காலுடன், குளிரில் உட்கார்ந்திருந்தாள். அவளை எவரும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும், எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும்போல, ஆராதனைக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் புத்தூருக்குப் போனாள். ஞானசிங் மூங்கில் தப்பைகளுக்கு இடையில் காலை நீட்டிப் படுத்திருந்தார். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. கட்டு மாற்ற வந்தவர்கள், எலும்பு சற்று நழுவிச் சேர்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"எழுந்தீங்களா?" என்றாள்.

"தண்ணி எடுக்க. நாலாவது வாரத்துல ஒரு தபா. பானை அந்த மூலையில இருந்துச்சி. செல்லியம்மா சந்தைக்குப் போயிருந்திச்சி." பள்ளிக்கூடத்துப் பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னார். "அவுங்க முதல் நாளே சொன்னாங்க, கிருபா. கால் கீழ பட்டா நாங்க பொறுப்பில்லைன்னு. தப்பு எம்மேலதான். அத்த வுடு. உன் பேப்பர் இன்னா ஆச்சி?"

அவள் தரையில் விரலால் கோடு இழுத்து, வட்டமும் பெட்டியும் வைரமும் போட்டு, மூன்றாவது வாசலைக் காட்டினாள். அவர் நிதானமாகப் பார்த்தார். இருபது வருடங்கள் டிரில் மாஸ்டராக இருந்தவர்.

"பசங்கள கிரவுண்ட சுத்தி ஓடவுட்டா, நான் விசில் ஊதினா நிக்கும். உங்க ஆபீஸ்ல விசில் யார்கிட்ட கீது?"

"யாருகிட்டயும் இல்ல."

"அப்ப ஓடவுட்டவன் யாரு?"

அவள் பானையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, மாலைப் பஸ்ஸில் திரும்பினாள்.

ரங்கையா வரைந்த கோடு இதற்குள் திருப்பதிக்குப் போயிருந்தது. மண்டல அதிகாரி அதைப் பார்த்து நெகிழ்ந்து, இருபதாண்டுகளாகத் தாம் உணர்ந்து வந்தும் உருவம் கொடுக்க முடியாமலிருந்த ஒன்றைச் சித்தூர் அலுவலகம் வரைந்து காட்டிவிட்டதாக எழுதினார். மூன்று வாசல் கொண்ட அந்த உருவத்துக்குச் 'சித்தூர் வைரம்' என்று பெயரிடப்பட்டது. அதன் செயல்முறையைத் தாமே நேரில் வந்து பார்வையிட்டுத் தொடங்கி வைப்பதாகவும், கணிப்பொறி வராத குறை தெரியாதபடி ஊழியர்களே கணிப்பொறியாக நின்று செய்து காட்ட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. நாள்: செப்டம்பர் பதினைந்து.

கூடத்தின் தரை முழுவதும் வெள்ளை எனாமலில் படம் வரையப்பட்டது. பச்சைத் தகடு சிறியது ஆகையால் உருவங்களை மேசை, நாற்காலிகளை வைத்து அளந்தார்கள். தொடக்க நீள்வட்டத்தில் அட்டெண்டர் நிறுத்தப்பட்டார். பதிவேட்டுப் பெட்டியில் முத்திரைக் கட்டையும் மையொற்றியுமாக அம்சவேணி. வைரத்தின் நடுவில், ஒரு முக்காலியின்மேல், ரங்கையா. ஆம், இல்லை என்னும் இரு வாசல்களிலும் ஒவ்வொருவர் நின்றனர். அவர்களுக்கு வேலை இராது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்ததால் ஒருவர் பஞ்சாங்கம் கொண்டுவந்திருந்தார். விண்ணப்பம் தானாக நடக்காது என்பதால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருக்கே வழங்கப்பட்டது.

மண்டல அதிகாரி காலுறையும் இன்றி வந்து நாற்காலியில் அமர்ந்தார். மாலையிட்டார்கள். கிருபாவதி அட்டெண்டரிடம் தாளைக் கொடுத்து வாங்கி, வெள்ளைக் கோட்டின்மேல் நடந்து அம்சவேணியிடம் வந்தாள். முத்திரை விழுந்தது. வைரத்துக்கு வந்தாள்.

"அனுமதிக்கலாமா?" என்று, எழுதிக் கொடுத்திருந்தபடியே கேட்டாள்.

"சூஸ்தாம்" என்றார் ரங்கையா. குரலில் சிறிது பெருமை இருந்தது.

அவள் கோட்டின்மேல் நடந்து தொடக்கத்துக்கு வந்தாள். மண்டல அதிகாரி கை தட்டினார். மீண்டும் அட்டெண்டர், மீண்டும் முத்திரை, மீண்டும் வைரம். எப்போது நிறுத்துவது என்று எவரும் திட்டமிடவில்லை, படத்திலும் அதற்கு இடம் இல்லை. மண்டல அதிகாரி சொன்னால் நிறுத்தலாம் என்று ரங்கையா நினைத்தார். ரங்கையா சொன்னால் நிறுத்தலாம் என்று மண்டல அதிகாரி நினைத்தார். ஏழாவது சுற்றில் தாளில் முத்திரை குத்த இடமில்லாமல் போயிற்று.

"யக்கா, இந்நேரம் நேரா நடந்திருந்தீன்னா புத்தூரே வந்திருக்கும்" என்று அம்சவேணி உதட்டை அசைக்காமல் முணுமுணுத்து, முத்திரையை அவளது புறங்கையில் குத்தினாள்.

பதினோராவது சுற்றில் வாசலில் ஒரு சலசலப்பு. ஞானசிங் வந்திருந்தார். முந்தைய வாரம் கட்டு அவிழ்த்திருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி வந்து அழைத்துப்போவதாக இருந்தது. காத்திருக்கப் பொறுக்காமல் கைத்தடியுடன் பஸ் ஏறி நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். இடது காலில், புத்தூர் பஸ் நிலையத்தில் தைத்து வாங்கிய, ஓர் அங்குலம் தடித்த அடியுள்ள செருப்பு. மஞ்சள் கோட்டைக் காட்டி, கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். கழற்றியதும் அவரது உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். மனைவி ஒரு தாளை ஏந்தி வெள்ளைக் கோட்டின்மேல் சுற்றிச் சுற்றி வருவதையும், எவரும் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருப்பதையும் கண்டார். கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போயிற்று.

விசில் ஒலித்தது.

கிருபாவதி நின்றாள். அம்சவேணியின் முத்திரைக் கட்டை காற்றில் நின்றது. ரங்கையா முக்காலியின்மேல் தம்மையறியாமல் நெஞ்சை நிமிர்த்தி விறைத்து நின்றார்.

"யாரது?" என்றார் மண்டல அதிகாரி.

"அப்ளிகேஷனோட காரணம், சார்" என்றார் ரங்கையா. "கால் முறிஞ்சவரு."

"காரணமே நடந்து வருதே!" மண்டல அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ரங்கையா காரு, இப்ப வைரத்துல கேளுங்க. விண்ணப்பத்துக்குக் காரணம் இன்னும் இருக்கா?"

ரங்கையா வாசலைப் பார்த்தார். சாய்ந்து நிற்கும் மனிதரைப் பார்த்தார். நடக்கிறார். முப்பத்தோராண்டுகளில் முதன்முறையாக, எவர் கழுத்துக்கும் கேடில்லாத ஒரு விடை அவருக்குக் கிடைத்தது.

"லேது" என்றார். இல்லை.

கூடம் அதிரக் கைதட்டல். இல்லை வாசலில் நின்றவர் பஞ்சாங்கத்தைக் கீழே போட்டுவிட்டுத் தாளை வாங்கி, முடிவு என்னும் நீள்வட்டத்தில் வைத்தார். தொண்ணூறு நாட்கள் சுற்றிய விண்ணப்பம் முடிந்தது. மண்டல அதிகாரி தமிழும் தெலுங்குமாக உரையாற்றினார்.

"இதைத்தான் நான் சொல்லிக்கிட்டே வரேன். ஒரு விண்ணப்பத்தை அவசரப்படாம, மரியாதையோட சுத்த விட்டா, காரணம் தானா போயிடும். ஒருத்தர் குணமாயிடுவாரு. ஒருத்தர் ரிட்டையர் ஆயிடுவாரு. ஒருத்தர் காலமாயிடுவாரு. எதுவானாலும் ஃபைல் குளோஸ். ஒரு ஆபீசர் கையெழுத்து கூட செலவில்லை. எழும்பு ஒட்டினது மருந்தால மட்டும்னு நினைக்காதீங்க. இந்த மூணாவது வாசல் அதுக்கு டைம் குடுத்திருக்கு." ஞானசிங்கின் பக்கம் திரும்பி, "என்ன மாஸ்டர், இப்ப நல்லா இருக்கில்ல?" என்று விசாரித்தார்.

"ஒரு அங்குலம் கம்மி சார்" என்றார் ஞானசிங்.

"அதெல்லாம் சரியாயிடும்" என்றார் மண்டல அதிகாரி. அவர் எலும்பை எலும்பு என்னாமல் எழும்பு என்றதைக்கூடக் கிருபாவதி அன்று மனத்துக்குள் திருத்தவில்லை. அவள் கணவரின் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகால் தரையைத் தொடவில்லை.

"இன்னொரு சந்தோஷமான செய்தி" என்று அதிகாரி தொடர்ந்தார். "சித்தூர் வைரத்தை எல்லா மாவட்டத்துக்கும் சொல்லிக் கொடுக்கத் திருப்பதியில ஒரு பயிற்சி மையம் திறக்கிறோம். நானூறு கிளார்க். இந்த வழியைத் தன் காலாலேயே பதினோரு தடவை நடந்து அறிஞ்சவங்க இந்த அம்மா ஒருத்தங்கதான். நாளைக்கே இவங்க அங்க வந்து சேரணும். விருப்பத்தை வாயால சொன்னா போதும், ஆர்டர் கையோட குடுத்துடறேன். என்னம்மா, வரீங்களா? ஆமாவா, இல்லையா?"

மற்ற இருபத்தொரு பேரும் அவளைப் பார்த்தார்கள். கிருபாவதி வெள்ளைக் கோட்டின்மேல் இரண்டு அடி நடந்து, வைரத்துக்குள் சென்று, ரங்கையாவின் முக்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"சூஸ்தாம், சார்" என்றாள்.

ரங்கையா முக்காலியிலிருந்து இறங்கிவிட்டார்.

"அது எப்பிடிம்மா?" என்று ரங்கையா பதறினார். "அது ஆபீசர் வார்த்தை. ஜூனியர் அசிஸ்டெண்ட் வேணும்னா சூஸ்தானுன்னு ஒருமையில சொல்லலாம். பன்மையில எப்பிடி?"

அதுவரை சுவரோரம் நின்றிருந்த கோவர்த்தனன் முதன்முறையாகச் சிரித்தார். "வைரத்துக்குள்ள நிக்கறவங்க கிரேடு என்னன்னு ஃப்ளோ சார்ட் கேக்காதுங்க சார். மூணாவது வாசல் எல்லாருக்கும் பொது."

விதித்தொகுப்பு வரவழைக்கப்பட்டது. தடை ஏதும் அதில் காணப்படவில்லை. தாமே கைதட்டித் தொடங்கி வைத்த வைரத்தை அன்றே பழுது என்று சொல்ல மண்டல அதிகாரிக்கும் மனம் வரவில்லை. 'கிருபாவதியின் விருப்பம்: நடப்பில் உள்ளது' என்று பதிவேட்டில் எழுதப்பட்டது. விருப்பம் நடப்பில் உள்ள ஊழியரை, அது முடியும்வரை, இடம் மாற்றவோ வேறு பணியில் அமர்த்தவோ இயலாது என்பதும் பிறகு தெரியவந்தது. அந்த விதியை எழுதியவர் ரங்கையாவே.

மறுநாளிலிருந்து, காலை பத்தரை மணிக்கு, ரங்கையா அவளது மேசைக்கு வந்து விருப்பம் கேட்டுப் போவது அலுவலகத்தின் அன்றாடப் பணிகளுள் ஒன்றாயிற்று. அவளும் தலை நிமிராமல், பன்மை விகுதியை மட்டும் சற்று அழுத்தி, ஒரே விடையைச் சொல்வாள். மாலை ஐந்து மணிக்கு ஞானசிங் மஞ்சள் கோட்டுக்கு வெளியே, தடித்த செருப்பைக் கழற்றாமல், வந்து நிற்பார். அவரது நடைக்கு ஒப்ப அவளும் மெல்ல நடந்து போவாள். வேகமாக நடந்து பழகியவள்தான். அந்த ஓர் அங்குலத்துக்காக மாற்றிக்கொண்டாள்.

மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் ரங்கையாவுக்குப் பொறுமை போயிற்று.

"தினமும் சூஸ்தாம் சூஸ்தாம்ன்றியேம்மா. யார் யார் சேர்ந்து பாக்கப் போறீங்க? அதையாவது சொல்லு."

கிருபாவதி பேனாவை மூடி வைத்தாள். அந்த அலுவலகத்தில் அச்சொல்லை எவரேனும் அப்படிக் கேட்டது அதுவே முதன்முறை.

"நானும் எங்க வீட்டுக்காரரும், சார்" என்றாள்.